கற்றுக்கொடுக்காத குரல்

என் மகளுக்கு ஒரு வயது நிறைவதற்குக் கொஞ்சம் முன்னால், மாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது. அவளைக் கூடத்தில் பாய்மேல் உட்கார வைத்துவிட்டு நான் அடுப்படியில் கேழ்வரகு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஓசைப்படாமல் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் கையில் இரண்டு பித்தளைத் தாம்பாளங்கள் இருந்தன. அவற்றை ஓங்கி ஒன்றோடொன்று அடித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழுந்ததே இல்லை. கொல்லைப்புறத்து வேப்பமரத்திலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. கூண்டுகளில் இருந்த குருவிகள் வாயடைத்துப் போயின. என் கையிலிருந்த சொம்பு நழுவி விழுந்தது. குழந்தை மட்டும் மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டு, சுவரில் ஆடிய வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி அடித்தார். அவள் திரும்பவில்லை. நான் ஓடிவந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ளும் தகப்பனின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்படி இருக்காது என்று மட்டும் தெரியும். நெடுநாள் ஊர் ஊராகத் தேடிய பொருள் சொந்த வீட்டுப் பரணிலேயே கிடைத்தவர்போல, அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

அவர் பறவைகளின் குரலை ஆராய்ந்தவர். பட்டணத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்து, பிற்பாடு பேராசிரியராகி, வெளிநாடுகளுக்கெல்லாம் அழைத்துப் பேசச் சொல்லும் அளவுக்கு உயர்ந்தவர். எனக்கு அத்தை மகன். செவ்வாப்பேட்டையில் வளர்ந்து, ரயிலிலேயே படித்து முன்னுக்கு வந்தவர். கல்யாணப் பேச்சு வந்தபோது தனக்கு எதுவும் வேண்டாம், கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில் எங்களுக்கிருந்த மாந்தோப்பையும் அதற்குள் இருந்த ஓட்டு வீட்டையும் குடியிருக்கக் கொடுத்தால் போதும் என்றார். நைனா பூரித்துப் போனார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். “படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா. டப்பு கேக்கல, நகை கேக்கல, இருக்கறதுக்கு ஊடு குட்தா போதும்ன்றாரு” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தத் தோப்பில் பொந்து விழுந்த பழைய மரங்கள் அதிகம் என்பதையும், அந்தப் பொந்துகளில் குண்டுகரிச்சான்கள் வருடம் தவறாமல் குஞ்சு பொரிப்பதையும் மாப்பிள்ளை முன்னமே வந்து பார்த்துப் போயிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

குண்டுகரிச்சான் சின்னப் பறவை. கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். மாசி, பங்குனியில் ஆண் பறவை மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து விடியும் முன்பே பாடத் தொடங்கினால் ஆடி மாதம் வரைக்கும் ஓயாது. அந்தப் பாட்டு பிறக்கும்போதே தொண்டைக்குள் இருக்கிறதா, தகப்பன் பாடக் கேட்டுத்தான் குஞ்சு கற்றுக்கொள்கிறதா என்பது அவருடைய கேள்வி. அதற்காக அவர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இறகு முளைக்கும் பருவத்தில் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்துவந்து, இருட்டோடு எழுந்து, வெட்டுக்கிளியும் கறையானும் பிடித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக ஊட்டுவார். காய்ச்சலில் கிடந்த நாளிலும் ஊட்டினார். அப்படி வளர்த்த குஞ்சுகளில் பாதியை ஈதர் காட்டி மயக்கி, காதின் உட்புறத்தைச் சிறு கொக்கியால் எடுத்துவிடுவார். சில குஞ்சுகள் அதற்குப் பின் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடித்தபடியே இருக்கும், அவற்றை ஒதுக்கிவிடுவார். தேறியவை பருவம் வந்ததும் மற்றவற்றைப்போலவே கழுத்தை நீட்டி, வாலை விரித்துப் பாட வாய் திறக்கும். துருப்பிடித்த கீல் திரும்புவதுபோல ஒரு சத்தம் வரும். பக்கத்துக் கூண்டில் காதுள்ள பறவை பாடுவதை நான் நின்று கேட்பேன். அவர் இந்தக் கீல் சத்தத்தைத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

இன்னும் சில ஆண் பறவைகளுக்கு விதையை எடுத்துவிடுவார். பாட்டு நின்றுபோகும். ஊசியில் மருந்தை ஏற்றினால் திரும்ப வரும். பெட்டைக்கு ஏற்றினால் பெட்டையும் பாடும். பருவம் முடிகிறபோது எல்லாவற்றையும் கொன்று வயிற்றைப் பிளந்து பார்ப்பார். பாடுகிற நாட்களில் பட்டாணிபோல் திரண்டிருக்கும் விதை, பாடாத நாட்களில் கடுகாய்ச் சுருங்கிப் போவதை எனக்கே காட்டியிருக்கிறார். கொல்வதற்குக் கத்தி எடுப்பதில்லை. மார்பை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிடும். ஊட்டும்போது எவ்வளவு மென்மையாக இருக்குமோ, அதைச் செய்யும்போதும் அவர் விரல்கள் அவ்வளவு மென்மையாக இருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல்லூரியிலிருந்து ஒரு பெரிய டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தார். இரண்டு சக்கரங்களில் நாடா சுற்றும் பழைய மெஷின். அது ஓடும்போது வீட்டில் வேறு சத்தம் இருக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் என் கொலுசைக் கழற்றச் சொன்னார். பிறகு கண்ணாடி வளையலை. பாத்திரத்தைக் கீழே வைக்கும்போது துணி விரித்து வைக்கப் பழகினேன். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பேன். பக்கத்துக் கழனியில் நைனாவின் பம்புசெட் ஓடினால், ஆளை அனுப்பி நிறுத்தச் சொல்வார். நாற்று வாடினாலும் நைனா நிறுத்திவிடுவார். மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால், ஆட்டுக்குக் கழிச்சல் என்றும் பிள்ளைக்குச் சுரம் என்றும் ஊர்ஜனங்கள் தோப்பு வாசலில் வந்து நிற்பார்கள். சத்தம் போடாமல் போய்விடுங்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புவேன்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் மகள் பிறந்தாள். தட்டு விழுந்தாலும் விழிக்காத குழந்தை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். சமர்த்துக் குழந்தை, அப்பா வேலைக்கு இடைஞ்சல் செய்யாத குழந்தை. தாம்பாளத்தை அடித்துக் காட்டிய அன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவருக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. அன்று உறுதிப்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

நான் அழுது அடம்பிடித்ததால் பட்டணத்தில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் வயதானவர். குழந்தையைச் சோதித்துவிட்டு, “சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?” என்று கேட்டார். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது, மருந்தில்லை என்றார். “ஆனா பயப்படாதேம்மா. மூணு வயசுல இதுக்குன்னு இருக்கிற பள்ளிக்கூடத்துல சேத்துடு. உதட்டைப் பாத்துப் பேசக் கத்துக்குடுப்பாங்க. லேட் பண்ணக்கூடாது. வயசு தாண்டிட்டா வராது.” என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

திரும்பி வரும் ரயிலில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மூணு வயசு ஆனதும் சேர்த்துவிடலாம், நானும் கூடவே பட்டணத்தில் தங்கிக்கொள்கிறேன், அவர் சாப்பாட்டுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று ஏதேதோ. அவர் ஜன்னல் வழியாக உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்திப்பட்டு தாண்டியதும் சொன்னார்: “அவங்க கத்துக்குடுத்துட்டா, இவளுக்குன்னு இருக்கிற குரல் எதுன்னு அப்புறம் யாருக்குமே தெரியாமப் போயிடும்.” எனக்குப் புரியவில்லை. மனக்கஷ்டத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புரிய வெகுநாள் ஆகவில்லை. குழந்தைக்கு முன்னால் உதட்டை அசைத்துப் பேசக் கூடாது என்றார். கையைக் காட்டக் கூடாது என்றார். பால் வேண்டுமா, தூக்கம் வருகிறதா என்று எந்தத் தாயும் பிள்ளையிடம் கையால் காட்டுவதுபோல் நான் காட்டினால், “கெடுத்துடாதே” என்பார். மனிதக் குட்டி எதையும் கேட்காமல், யாரும் எதையும் கற்றுக்கொடுக்காமல் வளர்ந்தால் அதன் தொண்டையிலிருந்து என்ன வரும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். வேண்டுமென்றே செய்து பார்க்க எந்த நாட்டிலும் விடமாட்டார்களாம். தானாக அமைந்திருக்கிறதாம். இதை என்னிடம் ஒளிக்கவில்லை. பாடம் சொல்கிற மாதிரி உட்கார வைத்து விளக்கினார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவளைக் கூடத்தில் உட்கார வைத்து மெஷினைப் போடுவார். பசிக்கும்போது ஒரு நாள், வயிறு நிறைந்திருக்கும்போது ஒரு நாள், பொம்மையைக் கொடுத்து ஒரு நாள், கொடுத்த பொம்மையைப் பிடுங்கி ஒரு நாள்.

நான் பயந்தவள்தான். ஆனால் முட்டாள் இல்லை. அவர் ரயிலேறிப் போன பிறகு, கிணற்றடியில் துணி துவைக்கிற சாக்கில் அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு கையால் பேசுவேன். மழை, மாடு, சோறு, பாம்பு, வலி. நைனாவுக்கு மீசை முறுக்குவதுபோல் ஒரு சைகை. நான் காட்டாததையும் அவளே உண்டாக்கினாள். அவள் அப்பாவுக்கு வைத்த பெயர், ஆள்காட்டி விரலால் காற்றில் வட்டம் போடுவது. சுற்றுகிற நாடாச் சக்கரம். அவர் செருப்பு வாசலில் தெரிந்ததும் இருவர் கையும் மடிக்குள் போய்விடும். பிள்ளையும் அதைப் புரிந்துகொண்டிருந்தாள்.

நைனா பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வெள்ளியில் நாக்கு செய்து உண்டியலில் போட்டார். வேப்பிலை கட்டிப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றினார். மாப்பிள்ளை தடுக்கவில்லை. “தாராளமா போயிட்டு வாங்க. சாமி பேசக் கத்துக்குடுத்துடாது” என்றார். மூன்று வயது ஆயிற்று, நான்கு ஆயிற்று. ஒரு நாள் நைனா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்து வாசலிலேயே நின்றார்.

“இன்னா மாப்ளே, கொயந்தைக்கு வயசு ஏறிக்கினே போவுது. பட்ணத்துல இஸ்கூல் கீதுன்னு டாக்டரு சொன்னாராமே. செலவு நான் பாத்துக்கறேன். சேத்துடலாங்களே.”

“பாக்கலாம் மாமா.”

“அக்கம்பக்கத்துல பேசிக்கறாங்க மாப்ளே. குருவிய வெச்சிக்கினு இருக்கறாப்புல கொயந்தைய வெச்சிக்கினு கீறாருன்னு.”

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “குருவி ஆறு மாசத்துல பெருசாயிடும் மாமா. மனுசப்பிள்ளை அப்படி இல்ல. பொறுத்துத்தான் ஆகணும்” என்றார். நைனா என்னைப் பார்த்தார். நானும் நைனாவைத்தான் பார்த்தேன். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

அந்த வருடம்தான் என் கணவர் இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஆரம்பித்தார். அவருக்கும் ஆசை இருக்கும், நல்ல பிள்ளையாக ஒன்று பிறந்தால் இவளைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார் என்று ஒரு நிமிடம் எனக்கே நப்பாசை வந்தது. “இன்னாத்துக்குங்க இப்ப?” என்று கேட்டேன். “ஒண்ணை மட்டும் வெச்சிக்கிட்டு எதையும் நிச்சயமா சொல்ல முடியாது. சொந்தத்துல கட்டினதால ரெண்டாவதும் இப்படிப் பிறக்க வாய்ப்பு இருக்கு. கேக்கிற பிள்ளையா பிறந்தாலும் நல்லதுதான், ஒப்பிட்டுப் பாக்கலாம்” என்றார். அன்றிலிருந்து நானும் மகளும் அடுப்படியில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தோம். அவர் கதவைத் தட்டவில்லை. காத்திருக்கத் தெரிந்தவர்.

ஒரு முறை வடக்கேயிருந்து அவரைவிடப் பெரிய பேராசிரியர் ஒருவர் வந்தார். பறவைகளின் நாடாக்களைப் போட்டுக்காட்டிவிட்டு, கடைசியில் என் மகளுடையதைப் போட்டார். நான் காப்பி கொண்டுபோன நேரம். அழுகையும் சிரிப்பும் ஊளையும் கலந்த அந்தக் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. வந்தவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். என் கணவர் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் காட்டினார். வந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

என் மகளுக்குக் குருவிகள்மேல் உயிர். காதுள்ள பறவைகளின் கூண்டுப் பக்கம் அவளை விடமாட்டார். அவள் சத்தம் அவற்றின் பாட்டைக் கெடுத்துவிடுமாம். காதெடுத்த பறவைகளிடம் போகலாம். அவற்றுக்கு அவள் சத்தம் கேட்காது, அவளுக்கு அவற்றின் சத்தம் கேட்காது. அவற்றில் ஒரு பறவைக்கு ஒரு கால் வளைந்திருந்தது. அவள் கம்பிக்குள் விரலை நீட்டினால் வந்து உட்காரும். அது பாடும்போது அதன் தொண்டை துடிப்பதைப் பார்த்துவிட்டு, விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, அதைப்போலவே கழுத்தை நீட்டி வாயைத் திறப்பாள். நீளமாக ஒரு சத்தம் வரும். விரலில் துடிப்பு தெரிந்ததும் சிரிப்பாள். அவள் வேண்டுமென்றே எழுப்பிய முதல் குரல் அதுதான். அவளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. அவர் அதையும் பதிவு செய்தார். ஆனால் மாசி முதல் ஆடி வரையான அந்த ஆறு மாதம் அவளுக்குச் சந்தோஷமான காலம். அதை நான் மறுக்கக் கூடாது.

ஆடி பிறந்தது. பாட்டு ஓய்கிற நேரம். ஒரு நாள் காலையில் நான் இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து ஒரு அலறல் கேட்டது. மனிதக் குரல் என்றே முதலில் தோன்றவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேஜைமேல் ஈதர் புட்டி, தராசு, சின்னக் கத்தரி. பறவைகள் வரிசையாகக் கிடந்தன. அவர் இரண்டு விரலுக்கு நடுவில் அந்தக் கால் வளைந்த பறவை. அதன் தலை தொங்கிவிட்டது. என் மகள் அவர் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். விரலைப் பிரிக்கப் பார்த்தாள், கடித்தாள். முடியாமல் போனதும் பறவையின் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். துடிப்பு இல்லை. மறுபடி அலறினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “சே, டேப் போடலியே.”

நான் குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் என் மடியில் படுத்துக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, இரண்டு விரலைச் சேர்த்து அழுத்திக் காட்டினாள். பிறகு காற்றில் வட்டம் போட்டாள்.

மறுநாள் காலை கிணற்றடியில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் குழந்தை இல்லை. கொல்லைப்புறம் போனேன். மெஷினைக் கூடத்திலிருந்து நீள ஒயர் இழுத்துக் கொண்டுவந்து மேஜையோரம் வைத்திருந்தார். சக்கரங்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. கூண்டில் மிச்சம் ஒரு பறவை இருந்தது. அதை எடுத்து இடது கையில் பிடித்திருந்தார். வலது கையை நீட்டி என் மகளைப் பார்த்து வா, வா என்று அசைத்தார். அத்தனை வருடத்தில் அவர் அவளிடம் கையால் பேசியது அது ஒரு தடவைதான். அவள் தயங்கித் தயங்கிப் போனாள். அப்பா கூப்பிடுகிறாரே. ஒருவேளை பறவையைத் தரப்போகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு போனாள். அந்தக் கைகளுக்கு நேராக, அவள் பார்க்கும்படி, அவர் விரல்களை அழுத்தினார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “நீ மனுசனாய்யா? பெத்த கொயந்தைய அய வெச்சி ரெக்காடு பண்றியே, உன் கை அயுவிப் பூடும்யா!” இன்னும் என்னென்னவோ. அவர் நிமிர்ந்து, உதட்டில் விரலை வைத்தார். தணிந்த குரலில், “பேசாதே, டேப் ஓடுது” என்றார்.

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, உடுத்திய ஈரப்புடவையோடு வரப்பு வழியாக நைனா வீட்டுக்கு நடந்தேன். அவர் பின்னால் வரவில்லை.

நைனா என்னைப் பார்த்ததும் புரிந்துகொள்வார் என்று நம்பினேன். அவர் முதலில் கேட்டது, “குட்ச்சிட்டு அட்ச்சாரா?” என்று. இல்லை என்றேன். “வேற யார்னா சேத்துக்கினு கீறாரா?” இல்லை. “சோறு போடலியா?” போடுகிறார். “அப்புறம் இன்னாத்துக்குமா வந்துட்ட?” நான் சொன்னேன். குருவியைப் பிடித்து அழுத்தியதையும் குழந்தை கத்தியதையும் மெஷின் ஓடியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, “குருவிக்காவயா புருசன வுட்டு வருவாங்க?” என்றாள். ஊரே அதைத்தான் கேட்டது. அவர்மேல் சொல்வதற்கு என்னிடம் ஊருக்குப் புரிகிற குற்றம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நைனா வண்டி கட்டினார். “மாப்ளே கால்ல வியுந்தாச்சும் நான் பேசிப் பாக்கறேன். நீ வண்டில ஏறு” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் மாட்டைப் பூட்டிவிட்டார். நான் வண்டியில் ஏறவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பட்டணத்து ரயிலில் ஏறினேன். நைனா இருந்தவரை அதற்காக என்னோடு பேசவில்லை.

டாக்டர் சொன்ன பள்ளிக்கூடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். தலைமை ஆசிரியை என் மகளின் முகவாயைப் பிடித்துத் தூக்கி, ஆ என்று வாயைத் திறந்து காட்டினார். நாக்கை, தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். “ஆறு வயசாகப் போகுது. இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு தாய் சோம்பேறித்தனத்தால் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்திருப்பார். விடுதியில் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. சேர்ந்துகொண்டேன்.

அங்கே வந்ததும் விடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் அந்தப் பள்ளியிலும் கையைக் காட்டக் கூடாது. பேச்சு வரவேண்டுமானால் சைகை கூடாது என்று விதி. கையை அசைத்த பிள்ளைகளை ஸ்கேலால் மணிக்கட்டில் அடிப்பார்கள். சிலரைக் கையைக் கட்டி உட்கார வைப்பார்கள். என் மகளுக்கு வயது தாண்டியிருந்தது. பலூனை ஊதச் சொல்லி, மெழுகுவத்தியை அணைக்கச் சொல்லி, கன்னத்தில் கையை வைத்து அதிர்வைக் காட்டி, என்ன செய்தும் அம்மா என்ற சொல்லின் பாதிதான் வந்தது. கிணற்றடியில் என்னோடு பேசியவள் வகுப்பில் அடி வாங்கினாள். ஆனால் அடுப்படிப் பக்கம் வாத்தியார்கள் வரமாட்டார்கள். விறகு அடுக்கியிருந்த தாழ்வாரத்தில் பிள்ளைகளெல்லாம் கூடி, காற்றைக் கையால் வெட்டி வெட்டிப் பேசிக்கொள்வார்கள். இரண்டு மாதத்தில் நான் பின்தங்கிவிடும் அளவுக்கு அவள் வேகமாகப் பேசினாள். சண்டை போட்டாள், பொய் சொன்னாள், பிறர்போல நடித்துக் காட்டினாள். சிரித்தால் விடுதி முழுக்கக் கேட்கும்.

இதற்குள் அவர் பெரிய ஆளாகிவிட்டார். காது கேட்காத பறவையின் பாட்டைப் பற்றி அவர் எழுதியதை வெளிநாட்டில் படித்தார்கள் என்று சொன்னார்கள். பறவையின் உடலில் பருவம் எப்படி வந்து குரலை எழுப்புகிறது என்பதில் அவரைக் கேட்காமல் யாரும் எதுவும் சொல்வதில்லை என்றார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும், தோப்பை நைனாவுக்குப் பின் என் தம்பி விற்றுவிட்டான். மரங்களை வெட்டிச் செம்மண் கொட்டிச் சமமாக்கிவிட்டார்கள். அவர் அதற்கு முன்பே பட்டணத்துக்கு வந்து, கல்லூரிச் சோதனைச்சாலையிலேயே வேலையை வைத்துக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என் மகளுக்குப் பதினாறு வயது. நரைத்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். கையில் சின்னக் கேசட் ரிக்கார்டர். அத்தனை வருடம் கழித்து என்னைப் பார்த்தவர் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

“பெரியவளாயிட்டாளா?” என்றார்.

“ஆயி மூணு வருசம் ஆவுது” என்றேன்.

“குரல் மாறியிருக்கும். ஒரு தடவை கேக்கணும். அது ஒண்ணு இல்லாம என் ஆராய்ச்சி அரைகுறையா நிக்குது.”

பெற்ற தகப்பன் பார்க்க வந்திருக்கிறார் என்று தலைமை ஆசிரியை மகிழ்ந்துபோய் அவளை வராந்தாவுக்கு அனுப்பினார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் மைக்கை வைத்தார். பொத்தானை அழுத்தினார். என் மகள் எதிரே உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். விடுதியின் மறுகோடிவரை கேட்கச் சிரிக்கிற பெண் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அவர் ஒரு பொம்மையை எடுத்துக் காட்டினார். பதினாறு வயசுப் பெண்ணிடம். மிட்டாய் காட்டினார். கையால் பேச அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லிக்கொடுக்க முன்வரவில்லை. அவர் காத்திருந்தார், அவருக்குத் தெரிந்த வித்தை அதுதானே. அவளும் காத்திருந்தாள். கடைசியில் அவர் எழுந்து, அவள் மேற்கையில் சதையைப் பிடித்துத் திருகினார். நான் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது. வாய் திறக்கவில்லை. மூக்கால்கூட ஒரு முனகல் இல்லை. தன் குரல் எப்படியிருக்கும் என்று ஒரு நாளும் கேட்டறியாதவளுக்கு, அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று தெரிந்திருந்தது.

கேசட் தீர்ந்து பொத்தான் தானாகத் துள்ளியது. “வீணாப் போச்சு” என்று சொல்லிவிட்டு மெஷினைப் பைக்குள் வைத்தார். கேட்டைத் தாண்டி அவர் தெருமுனை திரும்புகிறவரை அவள் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். பிறகுதான் அழுதாள், தொண்டை கிழிய, கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமையல்காரிகள் தட்டை விட்டு எழுந்து ஓடிவரும்படி. கையில் திருகிய இடம் நீலமாகி, மாறப் பல நாள் ஆயிற்று.

அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. இரங்கல் கூட்டத்தில் அவருடைய மாணவர்கள் அழுதார்கள். எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்று ஒருவர் பேசினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நானும் மகளும் ஆவடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். அவள் தையல் வேலை செய்து, பின்பு காது கேளாத பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்றுவிட்டாள். தலை நரைத்துவிட்டது. மாணவிகள் போனில் வீடியோவில் வந்து கையால் வம்பளப்பார்கள். அவள் சிரிக்கிற சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிரும். போன வாரம் மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் கதவைத் தட்டினாள். கைக்குழந்தைக்காரி, பாவம், கண்ணெல்லாம் தூக்கம். “பாட்டி, ஆன்ட்டிய கொஞ்சம் மெதுவா சிரிக்கச் சொல்லுங்களேன். கொயந்த தூங்கவே மாட்டேங்குது” என்றாள். சரிம்மா என்று கதவைச் சாத்தினேன். என்ன கேட்டாள் என்று மகள் கையால் கேட்டாள். கொஞ்சம் சர்க்கரை கேட்டாள் என்று சொன்னேன். அவள் உடனே பெரிய டம்ளர் நிறையச் சர்க்கரையை எடுத்துக்கொண்டு, தனக்கே உரிய குரலில் ஏதோ பாடிக்கொண்டு, படிகள் அதிர மேலே போனாள். சற்று நேரத்தில் மாடியில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிடும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவள், அந்தப் பெண் சர்க்கரையை வாங்கிக்கொண்டாள், ஆனால் முகம்தான் சரியில்லை என்று எனக்குக் காட்டினாள்.